ஒலிவ் ஆலைக் கழிவும் நமது கோப்பிச் சக்கையும்: காளான் எந்த அளவுக்கு நஞ்சை நீக்கும்?

மடுல்சீமைக் கோப்பி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மடுல்சீமைப் பக்கத்தில் நாங்கள் பதினொரு குடும்பங்கள் வீட்டுத் தோட்டங்களில் அரபிக்கா கோப்பி வளர்க்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் எல்லோரும் பணம் சேர்த்து, கையால் சுற்றித் தோல் உரிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினோம். அதுவரை பழத்தை அப்படியே காயவைத்து விற்றுவந்த எங்களுக்கு, கழுவிக் காயவைத்த கொட்டைக்குக் கிடைத்த விலை பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் பழத்தோலும் சதையும் சேர்ந்த சக்கையை என்ன செய்வதென்று நாங்கள் யோசிக்கவே இல்லை. சரிவின் ஓரத்தில் கொட்டினோம். மழை பெய்தபோது அதிலிருந்து கறுப்பாக வடிந்த நீர் கீழே உள்ள ஓடையில் சேர்ந்தது. அந்த ஓடையில் துணி துவைத்துக் குளிக்கும் கீழ் லயத்து மக்கள் வந்து முறையிட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் சொன்னதில் பிழை எதுவும் இருக்கவில்லை. நீர் வடிந்த தடம் முழுவதும் புல் கருகிக் கிடந்ததை நானே பார்த்தேன்.

ஸ்பெயின், கிரேக்கம் போன்ற நாடுகளில் ஒலிவ் எண்ணெய் ஆலைக் கழிவின் நஞ்சைப் பங்கசுக்களைக் கொண்டு நீக்கி, அதைப் பசளையாகவும் காளான் வளர்க்கவும் பயன்படுத்துவதாக ஒரு கட்டுரையில் படித்தேன். அந்த முறை எங்கள் சக்கைக்குப் பொருந்துமா? பொருந்தினால், காளான் எடுத்தபின் மிஞ்சுவதை மரக்கறிப் பாத்திக்குப் போடலாமா, மாட்டுக்குக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

பண்டாரவளை உயிரியல் ஆசிரியர்

தம்பி, கேள்விக்கு நன்றி. முதலில் ஒரு சிறு தெளிவு. ஒலிவ் என்றதும் நம் பிள்ளைகள் வெரலிக்காயை நினைத்துக்கொள்கிறார்கள். வெரலிக்காயை ஆங்கிலத்தில் இலங்கை ஒலிவ் என்று அழைப்பதுதான் காரணம். இரண்டுக்கும் உறவில்லை. உண்மையான ஒலிவ் மரம் நமது மல்லிகையும் பவளமல்லியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது.

இனி விடயத்துக்கு வருகிறேன். ஒலிவ் காயில் எண்ணெய் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குதான், மற்றதெல்லாம் நீரும் சதையும் விதையும். மையநீக்க விசையால் எண்ணெயையும் நீரையும் சக்கையையும் மூன்றாகப் பிரிக்கும் பழைய முறையில், ஒரு தொன் காய்க்கு ஏறத்தாழ ஒரு கனமீற்றர் கறுத்த கழிவுநீர் வெளியேறும். அது அமிலத் தன்மையுடையது, சேதனப் பொருள் நிறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அதில் ஐதரொட்சிதைரோசோல், தைரோசோல் போன்ற பீனோல் சேர்வைகள் மிகுதியாக உள்ளன. மரம் தன் காயைப் பூச்சியிடமிருந்தும் நுண்ணுயிரிடமிருந்தும் காப்பதற்காக வைத்திருந்த சரக்கு அது. ஆகவே அந்த நீரை மண்ணில் ஊற்றினால் விதை முளைப்பதில்லை, ஆற்றில் விட்டால் மீன் தங்குவதில்லை, சாதாரணச் சுத்திகரிப்புத் தொட்டியில் விட்டால் அங்கே வேலை செய்யும் பற்றீரியாவும் தளர்ந்துபோகிறது.

ஸ்பெயின் 1980களின் தொடக்கத்தில் இந்த நீரை ஆறுகளில் விடுவதைத் தடை செய்தது. ஆலைகள் பெரிய குளங்களை வெட்டி வெயிலில் ஆவியாக விட்டன. பின்னர் 1990களின் தொடக்கத்தில், நீரை மிகக் குறைவாகச் சேர்த்து எண்ணெயை மட்டும் பிரிக்கும் இருநிலை முறை அங்கே பரவியது. கழிவுநீர் ஏறக்குறைய இல்லாமற் போனது, ஆனால் ஒரு தொன் காய்க்கு ஏறத்தாழ 800 கிலோகிராம் ஈரச் சேறு மிஞ்சியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அல்பெருஹோ. முன்பு நீரில் இருந்த பீனோல் இப்போது சேற்றில் இருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். நீங்களும் நாளை நீரைக் குறைத்துத் தோல் உரிக்கத் தொடங்கினால், ஓடைக்கு அது மிக நல்லது. ஆனால் சக்கைக் குவியல் முன்பைவிடக் கடுமையாகும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கசு ஏன் இங்கே வருகிறது? மரத்தின் கடினத்துக்குக் காரணமான இலிக்னின் என்பதும் பீனோல் அலகுகள் பின்னிப் பிணைந்த ஒரு பெரும் வலைதான். அதை முழுமையாகப் பிரித்தழிக்கக்கூடியவை வெண்ணழுகல் பங்கசுக்கள் மட்டுமே. சிப்பிக் காளானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. உளுத்த மரம் வெளுத்து நார் நாராகப் பிரிவதைக் காட்டில் பார்த்திருப்பீர்கள், அது இவற்றின் வேலை. இலாக்கேசு, மங்கனீசுப் பெரொட்சிடேசு முதலிய நொதியங்களை இவை தம் உடலுக்கு வெளியே சுரக்கின்றன. இலாக்கேசு நான்கு செப்பு அணுக்களைத் தாங்கிய நொதியம். 1883இல் ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில்தான் அது முதன்முதலில் இனங்காணப்பட்டது. காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு பீனோலை ஒட்சியேற்றி, அந்த ஒட்சிசனை நீராக மாற்றிவிடுகிறது. இலிக்னினைத் தாக்க உருவான இந்தக் கருவி, ஒலிவ் கழிவின் சிறிய பீனோல்களையும் விட்டுவைப்பதில்லை. ஸ்பெயினின் கிரனாடாவிலும், இத்தாலியிலும், கிரேக்கத்திலும், இஸ்ரேலிலும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதைச் சோதித்துவருகிறார்கள். சிப்பிக் காளான் ஒலிவ் கழிவில் வளர்கிறது, பீனோல் அளவு பெருமளவு குறைகிறது என்பதில் ஐயமில்லை. கழிவுநீரை நீர்க்காமல் அப்படியே கொடுத்தால் பங்கசே நலிந்துவிடும் என்பதும் அதே அளவு உறுதியானது. ஆகையால் நீர்த்தோ வைக்கோலுடன் கலந்தோதான் கொடுக்கிறார்கள்.

ஓர் ஊர்ச் செய்தியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1869இல் இலங்கையின் கோப்பியை அழித்த இலைத் துரு நோய் முதலில் கவனிக்கப்பட்டது உங்கள் மடுல்சீமையில்தான். அங்கிருந்து பேராதனைப் பூங்காவுக்குப் போன இலைகளிலிருந்துதான் அந்தப் பங்கசு உலகுக்குத் தெரியவந்தது. நம் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்தது முதலில் கோப்பிக்காக, தேயிலை பிறகு வந்தது. அதே மண்ணில் நீங்கள் மறுபடி கோப்பி நட்டு, இப்போது ஒரு பங்கசின் உதவியைக் கேட்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

டிக்கோயா அக்கா

நான் படித்தவள் அல்ல, ஆனால் லெபனானில் ஒன்பது வருடங்கள் வீட்டு வேலை செய்தவள். நான் இருந்த மலைக் கிராமத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒலிவ் ஆலை இரவு பகலாக ஓடும். அந்தக் கறுப்பு நீரை அவர்கள் ஸீபார் என்பார்கள். அது ஓடிய வாய்க்கால் ஓரத்தில் ஒரு செடி இருக்காது, நாற்றம் பல நாட்களுக்குப் போகாது. காய்ந்த சக்கையை ஜிஃப்த் என்று சொல்லி, அமுக்கிக் கட்டையாக்கிக் குளிர்காலத்தில் அடுப்பில் எரிப்பார்கள். வீட்டு அம்மா அதை விறகைவிட மேலானது என்று சொல்வார். தம்பி எழுதிய கருகிய புல்லைப் படித்தபோது அந்த வாய்க்கால்தான் கண்முன் வந்தது. சக்கையைக் காயவைத்து எரிக்க முடியாதா?

மடுல்சீமைக் கோப்பி

அக்கா, முயன்று பார்த்தோம். எங்கள் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். எங்கள் பக்கத்து மழையிலும் மூடுபனியிலும் அது காய்வதற்கு முன் அழுகிவிடுகிறது. வெயில் நன்றாக எறிக்கும் ஊருக்கு உங்கள் வழி சரி.

வெலிமடைக் காளான்

நான் ஆறு வருடங்களாகச் சிப்பிக் காளான் பயிரிட்டு வெலிமடைச் சந்தையிலும் பண்டாரவளையிலும் விற்கும் பெண். இந்தக் கேள்விக்கு என் கைப்பட்ட பதில் ஒன்று உண்டு, அதில் நட்டமும் அடங்கும்.

நமது நாட்டில் எல்லோரும் பின்பற்றும் கலவை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: மரத்தூள் 10 கிலோ, அரிசித் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், சோயா அல்லது பயற்றம் மா 100 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம். மரத்தூளை நான் கீழ்நாட்டிலிருந்து லொறியில் எடுப்பிக்கிறேன், றப்பர் மரத்தூள்தான் நல்லது. லொறிக் கூலி ஏறிக்கொண்டே போவதால், மூன்று வருடங்களுக்கு முன் தெரிந்த ஒருவரிடமிருந்து கோப்பிச் சக்கை வாங்கி, மரத்தூளில் பாதியைக் குறைத்து அதைச் சேர்த்தேன். சக்கை வந்து இரண்டு நாட்கள் சாக்கிலேயே கிடந்தது. பைகளை வழக்கம்போல் பீப்பாயில் எட்டு மணி நேரம் ஆவியில் அவித்து, வித்து இட்டு, இருட்டறையில் அடுக்கினேன். பத்தாம் நாள் பார்த்தபோது முக்கால்வாசிப் பைகளில் பச்சைப் பூசணம். அவ்வளவையும் அறையைவிட்டு வெகுதூரம் கொண்டுபோய்ப் புதைத்தேன். அந்த மாதம் மகளின் வகுப்புக் கட்டணத்தைக் கடன் வாங்கித்தான் கட்டினேன்.

பின்னர் யோசித்தபோது என் பிழைகள் புரிந்தன. சக்கையில் சீனி இருக்கிறது. ஆவியில் அவித்தபோது வேகாமல் தப்பிய கட்டிகளில் பச்சைப் பூசணம் முதலில் குடியேறிவிட்டது. காளான் வித்திலிருந்து பரவும் வெள்ளை நூல் மெதுவாக நடக்கும் ஆள், சீனியைக் கண்டால் பச்சை ஓடி முந்திவிடும். அடுத்த தடவை சக்கையைப் பிழிந்து நீரை வடியவிட்டு, கூரைக்குக் கீழே குவித்து மூடி, இடையில் புரட்டிக்கொடுத்து ஐந்து நாட்கள் சூடேற விட்டேன். இதை மெக்சிக்கோவில் கோப்பிச் சக்கையில் காளான் வளர்ப்பவர்கள் செய்வதாகப் பிறகு அறிந்தேன். அந்த ஐந்து நாட்களில் சீனி தீர்ந்து, சக்கை கறுத்து, புளித்த வாடை போய் மண் வாடை வரும். அதன்பின் கலவையில் நாலிலொரு பங்கு மட்டும் சேர்த்தேன். நூல் வழக்கத்தைவிட ஒரு வாரம் தாமதமாகத்தான் பையை நிறைத்தது, ஆனால் நிறைத்தது. காளானும் வந்தது, சுவையில் வேறுபாடு இல்லை.

ஆகவே என் கருத்து: முழுச் சக்கையில் தொடங்காதீர்கள், அன்று உரித்த சக்கையை அன்றே குவியுங்கள், மழை படாமல் கூரை போடுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் நூல் இன்னும் மெதுவாக ஓடும் என்பதால் பைகளை வீட்டின் சூடான மூலையில் வையுங்கள்.

பதுளைத் தோட்ட உத்தியோகத்தர்

எல்லாவற்றையும் கவனமாகப் படித்தேன். எனக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கோப்பிச் சக்கையைச் சாணியும் புல்லும் சேர்த்துச் சில மாதங்கள் கூட்டெருவாக்கினாலே போதுமே? அதற்குப் பீப்பாயும் வேண்டாம், விறகும் வேண்டாம், பொலித்தீன் பையும் வேண்டாம். பதினொரு குடும்பங்கள் ஒரு பருவத்தில் ஆயிரம் கிலோ பழம் உரித்தால் 400 கிலோவுக்கு மேல் சக்கை வரும். அதையெல்லாம் பையில் அடைத்து அவிக்க எத்தனை சுமை விறகு வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். ஏற்கனவே மொட்டையாகிக்கொண்டிருக்கும் மலையில் விறகை எரித்து ஓடையைக் காப்பாற்றுவது சரியான கொடுக்கல் வாங்கலாக எனக்குத் தோன்றவில்லை.

வெலிமடைக் காளான்

ஐயா சொல்வது நியாயம். விறகுச் செலவு எனக்கு மாதந்தோறும் உறுத்தும் விடயம். ஆனால் கூட்டெருக் குவியலை நாலு மாதம் புரட்டுவதற்கு ஆள் வேண்டும், அந்த உழைப்புக்குக் கையில் காசு வராது. காளான் என்றால் சில வாரங்களில் வரும், அந்தக் காசு பெரும்பாலும் பெண்களின் கைக்கு வரும். எல்லாச் சக்கையையும் அவிக்கச் சொல்லவில்லை. ஒரு பங்கு காளானுக்கு, மீதி கூட்டெருவுக்கு. காளான் முடிந்த பையின் உள்ளடக்கத்தையும் அதே குவியலில் சேர்க்கலாம்.

மடுல்சீமைக் கோப்பி

இருவருக்கும் நன்றி. கூரை போடும் வேலையைச் சனிக்கிழமை தொடங்குகிறோம். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஒலிவில் கஃபீன் இல்லை, எங்கள் சக்கையில் இருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்ன நொதியங்கள் கஃபீனையும் உடைக்குமா? மாட்டுக்குக் கொடுப்பது பற்றியும் யாரும் எழுதவில்லை.

பேராதனை விவசாயப் பட்டதாரி

இந்த இழையின் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். ஒலிவ் பற்றிய ஆய்வுகளைப் படித்துவிட்டு நேரே கோப்பிக்குத் தாவுபவர்கள் தவறிப்போகும் இடமும் இதுவே.

கோப்பிச் சக்கையில் பயிரையும் கால்நடையையும் பாதிக்கக்கூடியவை இரண்டு வகை. ஒன்று, தனின்கள், குளோரோஜெனிக் அமிலம் முதலிய பீனோல் சேர்வைகள். இவை ஒலிவின் பீனோல்களுக்கு உறவுக்காரர்கள் என்பதால் ஆசிரியர் விளக்கிய அதே நொதியங்கள் இவற்றையும் தாக்கும். மற்றது கஃபீன், உலர்நிறையில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அது பீனோல் அல்ல, நைதரசன் கொண்ட வளையச் சேர்வை. இலாக்கேசுக்கு அதில் பிடி கிடைப்பதில்லை. அஸ்பர்ஜிலசு, பெனிசிலியம் போன்ற பூசணங்கள் அதிலுள்ள மெதைல் கூட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சிதைக்கின்றன, ஆனால் அந்தப் பூசணங்களில் சில நஞ்சு சுரப்பவை என்பதால் வீட்டில் வளர்க்க ஏற்றவை அல்ல.

பிரேசிலின் குரிட்டிபா நகர ஆய்வாளர்கள் கோப்பி உமியில் சிப்பிக் காளான் வளர்த்துப் பார்த்தார்கள். அறுபது நாட்களில் உமியின் கஃபீன் பாதிக்கு மேல் குறைந்தது, தனின் அதைவிட அதிகமாகக் குறைந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் வெற்றி என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் காளானையும் சோதித்தார்கள், அதற்குள் கஃபீன் இருந்தது. அதாவது, உமியிலிருந்து குறைந்த கஃபீனில் ஒரு பகுதி அழியவில்லை, காளானுக்குள் இடம் மாறியது. ஒரு கோப்பை கோப்பி குடிப்பவர் அதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. எனினும் சிறு பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் சமைத்துக் கொடுக்கும் காளான் என்பதால், வெலிமடை அக்கா கடைப்பிடித்த நாலிலொரு பங்கு என்ற அளவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கஃபீன் நீரில் கரையும் என்பதையும் மறக்க வேண்டாம். மழையில் குவியல் நனைந்தால் அது ஓடைக்குத்தான் போகும். பிழிந்த நீரை ஓடையில் விடாமல், ஓடையிலிருந்து விலகி, சாம்பலோ சுண்ணாம்போ இட்ட ஒரு குழியில் விட்டு, அதில் மரத்தூளையும் காய்ந்த இலையையும் ஊற வையுங்கள்.

மாடு பற்றி: குவாத்தமாலாவிலுள்ள மத்திய அமெரிக்க ஊட்டச்சத்து நிறுவனம் 1970களில் கோப்பிச் சக்கையை மாட்டுக்குக் கொடுத்து விரிவாக ஆராய்ந்தது. தீவனத்தில் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் சென்றால் மாடு உண்பதும் எடை கூடுவதும் குறைந்தன. சிறுநீர் அதிகரித்து அதனுடன் நைதரசனும் வீணாகியது. ஒரு பசுவை நம்பி வாழும் குடும்பம் அந்த எல்லையைத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. பூசணம் பிடித்த பையை எந்த அளவிலும் கொடுக்காதீர்கள். பால் மாடாக இருந்தால் கால்நடை வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

பண்டாரவளை உயிரியல் ஆசிரியர்

பட்டதாரித் தம்பி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் முதற் பதிவில் பீனோல் குறைகிறது என்று எழுதியதை நஞ்சு குறைகிறது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இலாக்கேசு பீனோலை ஒட்சியேற்றும்போது முதலில் குவினோன்கள் உருவாகின்றன, அவை சில வேளை மூலப் பொருளைவிடக் கடுமையானவை. பின்னர் அவை ஒன்றோடொன்று இணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, மண்ணின் உக்கலைப் போல அமைதியடைகின்றன. இடைநடுவில் நிறுத்தினால் அளவுமானி நல்ல செய்தி சொல்லும், செடி கருகும். ஒலிவ் கழிவு ஆய்விலும் பீனோல் பெருமளவு நீங்கிய பின்னும் நஞ்சுத் தன்மை அதே அளவுக்கு நீங்காத நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

ஆகவே செடியிடமே கேட்க வேண்டும். உலகெங்கும் இதற்குக் கிரெஸ் என்னும் ஒரு சிறு கீரையின் விதையை முளைக்க வைத்துப் பார்க்கிறார்கள். நமக்குப் பயறும் முள்ளங்கி விதையும் போதும். ஒரு பங்கு சக்கையைப் பத்துப் பங்கு நீரில் ஒரு இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். தட்டில் தாள் விரித்து, அந்த நீரைத் தெளித்து இருபது விதைகளை வையுங்கள், இன்னொரு தட்டில் வெறும் நீர். மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ணி, வேரின் நீளத்தை அளவுகோலால் அளந்து சராசரி எடுங்கள். முளைத்த எண்ணிக்கையையும் வேர் நீளத்தையும் பெருக்கி, வெறும் நீர்த் தட்டின் பெருக்கத்தோடு ஒப்பிட்டால் வரும் சதவீதம்தான் முளைத்தற் சுட்டி. எண்பதுக்கு மேல் இருந்தால் பாத்திக்குப் போடலாம், ஐம்பதுக்குக் கீழே இருந்தால் இன்னும் உக்க விடுங்கள். வேரின் நுனியையும் பாருங்கள், நஞ்சு இருந்தால் அது பழுப்பாகும். என் மாணவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கழிவை வைத்து இதைச் செய்திருக்கிறார்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் செய்யலாம்.

மடுல்சீமைக் கோப்பி

நீண்ட நாட்கள் எழுதாததற்கு மன்னிக்கவும். கூரை போட்டாகிவிட்டது. தோல் உரிக்கும்போது நீர் ஊற்றுவதை நிறுத்தி, சக்கையைக் கூடையில் அள்ளிக் கொண்டுபோகிறோம். வெலிமடை அக்கா கொடுத்தனுப்பிய வித்தில் நாற்பது பைகள் போட்டோம், நாலிலொரு பங்கு சக்கையுடன். ஏழு பைகளில் பச்சை வந்தது, உடனே அகற்றினோம். மற்றவை இரண்டு தடவை பூத்துவிட்டன.

பயற்றுச் சோதனையை என் தங்கையின் மகள் செய்தாள். புதுச் சக்கை நீர்த் தட்டில் இருபதில் நான்குதான் முளைத்தன, வேர் நுனி பழுப்பு. காளான் முடிந்த பையின் நீரில் பதினேழு முளைத்தன, ஆனால் வேர் வெறும் நீர்த் தட்டின் வேரில் பாதி நீளம்தான் இருந்தது. ஐந்து நாள் குவித்த சக்கை, காளானுக்குப் போகாதது, பதினொன்று. வெறும் நீரில் பத்தொன்பது. கணக்குப் போட்டால் காளான் பைக்கு நாற்பத்தைந்துக்கு அண்மித்து வருகிறது. ஆசிரியர் ஐயா சொன்னபடி பாத்திக்குப் போடவில்லை, சாணியுடன் குவித்திருக்கிறோம்.

கீழ் லயத்திலிருந்து ஓர் அம்மா வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு கூறு காளான் கொடுத்தோம்.

பண்டாரவளை உயிரியல் ஆசிரியர்

மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து அதே குவியலில் மறுபடி இருபது பயறு வைக்கச் சொல்லுங்கள், இம்முறை மூன்று தட்டுகள் வீதம், சராசரி எடுப்பதற்காக. அந்த அளவுகளையும் இங்கே பதியுங்கள்.

வெலிமடைக் காளான்

பச்சை வந்த ஏழு பைகளும் பீப்பாயின் மேல் அடுக்கிலிருந்தவையா, கீழ் அடுக்கிலிருந்தவையா என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள் தம்பி. மேல் அடுக்கு என்றால் மூடியை ஈரச் சாக்கால் இறுக்கிக் கட்ட வேண்டும், ஆவி அங்கேதான் தப்புகிறது. அடுத்த தொகுதிக்கு வித்து ஞாயிறு பதுளை பஸ்ஸில் அனுப்புகிறேன்.